மூச்சுக்கு யார் கேரண்டி? - ஸ்கூபா ரெகுலேட்டரின் தரம் பார்த்த கதை

வீட்டுச் சமையலறையில் கேஸ் சிலிண்டரின் தலையில் ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறதே, அதை யாரும் பிராண்ட் பார்த்து வாங்குவதில்லை. ஏஜென்சியில் கொடுப்பதை மாட்டிக்கொள்வதோடு சரி. அடுப்பு எரிந்தால் போதும். ஆனால் கடலுக்கடியில் போகிறவர்களிடமும் அதே பெயரில் ஒரு கருவி இருக்கிறது. அது சரியாக வேலை செய்யவில்லை என்றால் அணைவது அடுப்பு இல்லை, ஆள்!

ஸ்கூபா டைவிங் செய்பவரின் முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு கார் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதை நேராக வாயில் வைத்தால் நுரையீரல் கிழிந்துவிடும். எனவே ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை இரண்டு படிகளில் குறைக்கிறது. சிலிண்டரில் மாட்டும் முதல் பகுதி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் பகுதி, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கும். அந்த நீரின் அழுத்தமும் நிலையானது அல்ல. மேற்பரப்பில் 1 பார், 10 மீட்டரில் 2 பார், 30 மீட்டரில் 4 பார் என்று ஏறிக்கொண்டே போகும். மூச்சுக்கு மூச்சு கணக்குப் போட்டு, தப்பாமல் கொடுக்க வேண்டும்.

சரி, கடையில் வரிசையாகத் தொங்கும் ரெகுலேட்டர்களில் எது நல்லது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கான பதில் ஏறத்தாழ 80 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆழம் பதில் சொன்னது. பிறகு சினிமா சொன்னது, அப்புறம் டீலர், கடைசியாக ஒரு மெஷின்.

சுரங்கத்தில் தொடங்கியது

இந்தக் கருவியின் மூதாதை பிறந்தது கடலில் அல்ல, பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கத்தில். பெனுவா ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியாளர், விஷவாயு நிறைந்த சுரங்கத்துக்குள் மீட்புப் பணிக்குப் போகிறவர்களுக்காக ஒரு காற்றுக் கருவியைச் செய்து 1860-ல் காப்புரிமை பெற்றார். இழுத்தால் மட்டும் காற்று கொடுக்கும் வால்வு அதில் இருந்தது. கடற்படை அதிகாரியான அகுஸ்த் டெனேரூஸ் அவரோடு சேர, 1864-ல் அது நீருக்கடியில் இறங்கியது. ஜூல்ஸ் வெர்ன் தன் கடலடிப் பயண நாவலில் இந்தக் கருவியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்.

யோசனை சரியானதுதான். ஆனால் அந்தக் காலத்துச் சிலிண்டர்களால் அதிக அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஆகவே மேலே படகிலிருந்து குழாய் மூலம் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குழாயைக் கழற்றிவிட்டு டைவர் சுதந்திரமாக நடமாடியது சில நிமிடங்கள்தான்.

1926-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் இவ் லெ ப்ரியர், அதிக அழுத்தச் சிலிண்டரைக் கொண்டு ஒரு கருவி செய்தார். சிலிண்டர் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தானியங்கி வால்வு இல்லை. டைவரே கையால் குழாயைத் திருகிக் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். காற்றில் பெரும்பகுதி வீணாகக் குமிழியாகப் போனது. ஒருவரிடம் வால்வு இருந்தது, சிலிண்டர் இல்லை. இன்னொருவரிடம் சிலிண்டர் இருந்தது, வால்வு இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர ஒரு உலகப்போர் வர வேண்டியிருந்தது.

பெட்ரோல் தட்டுப்பாடு கொடுத்த வரம்

1942. பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில். பெட்ரோல் பொதுமக்களுக்குக் கிடைக்காது. கார்களை எரிவாயுவில் ஓட்ட வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஏர் லிக்விட் என்ற பெரிய வாயு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் எமில் கான்யான், பழைய ரூக்கேரோல் வால்வின் தத்துவத்தைச் சிறியதாக்கி, கார் எஞ்சினுக்குத் தேவையான அளவு எரிவாயுவைத் தானாகக் கொடுக்கும் வால்வு ஒன்றைச் செய்திருந்தார்.

அந்த டிசம்பரில் அவரைத் தேடி வந்தவர் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்டோ. கூஸ்டோவின் மாமனார் ஏர் லிக்விட்டில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். அறிமுகம் அப்படித்தான் கிடைத்தது. எஞ்சின் கேட்கும்போது வாயு கொடுக்கும் வால்வு, மனிதன் கேட்கும்போது காற்று கொடுக்காதா என்ன?

1943 தொடக்கத்தில், குளிரில், பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்த நிலையில் நீந்தினால் கருவி அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகக் கொட்டி வீணானது. தலைகீழாகப் போனால் மூச்சு இழுக்கவே முடியவில்லை. காரணம் சில அங்குல வித்தியாசம். காற்று வெளியேறும் இடமும் வால்வு இருக்கும் இடமும் வேறுவேறு உயரத்தில் இருந்ததால், இரண்டு இடத்திலும் நீரின் அழுத்தம் வேறாக இருந்தது. வெளியேறும் வாயை வால்வின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது.

தரம் என்றால் என்ன என்பதற்கு முதல் பாடம் இங்கேதான் கிடைத்தது. ஒரு நிலையில் நன்றாக வேலை செய்யும் கருவி நல்ல கருவி ஆகிவிடாது. எல்லா நிலையிலும் வேலை செய்ய வேண்டும்.

ஆழமே மார்க்ஷீட்

அந்த நாட்களில் கருவியைச் சோதிக்க லேப் எதுவும் இல்லை. யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். உயிரோடு திரும்பி வந்தால் பாஸ்.

கூஸ்டோவுக்குப் போட்டியாக அப்போதே ஒருவர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஜார்ஜ் கொமேன் என்ற இளைஞர் 1937-லேயே தானியங்கி வால்வு கொண்ட கருவியைச் செய்துவிட்டார். 1943 ஜூலையில் மார்செய் கடலில் அதைக் கொண்டு 53 மீட்டர் ஆழம் வரை போனார். அதே ஆண்டு அக்டோபரில் கூஸ்டோவின் நண்பர் ஃப்ரெடெரிக் டூமா, கான்யானின் கருவியோடு 62 மீட்டர் தொட்டார். இரண்டுக்கும் இடையே வெறும் மூன்று மாதம்.

1944-ல் பிரான்ஸின் கிழக்கு எல்லையை மீட்கும் போரில் கொமேன் உயிரிழந்தார். அவரோடு அந்தக் கருவியின் எதிர்காலமும் முடிந்தது. இன்று அவர் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் மட்டும் இருக்கிறது. அவர் கருவி மோசமானதா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. சந்தையில் நிலைத்து நிற்க தரம் மட்டும் போதாது; தயாரிக்க ஒரு கம்பெனி, விற்க ஒரு பெயர், பின்னால் நிற்க ஒரு முதலாளி எல்லாம் வேண்டும். கான்யான்-கூஸ்டோ கூட்டணிக்கு அது அத்தனையும் இருந்தது.

காப்புரிமையும் சினிமாவும்

போர் முடிந்ததும் 1946-ல் ஏர் லிக்விட், லா ஸ்பிரோடெக்னிக் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. கருவி ஆக்வா லங் என்ற பெயரில் உலகம் சுற்றியது. அமெரிக்காவில் ரெனே பூசோஸ் என்பவரின் விளையாட்டுப் பொருள் கடை இறக்குமதி செய்து விற்றது. அதுவே வளர்ந்து யு.எஸ். டைவர்ஸ் என்ற நிறுவனமானது. 1957-ல் ஏர் லிக்விட் அதையும் வாங்கிவிட்டது.

விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையே இருக்கவில்லை. 1953-ல் கூஸ்டோவின் 'மௌன உலகம்' புத்தகம். 1956-ல் அதே பெயரில் படம். கான் விழாவில் தங்கப் பனை விருது. 1958 முதல் 1961 வரை அமெரிக்க டிவியில் 'சீ ஹன்ட்' தொடர். ஜெராக்ஸ் என்றால் நகலெடுப்பது என்று ஆகிவிட்டது போல, ஆக்வா லங் என்றாலே டைவிங் கருவி என்று ஆகிவிட்டது.

இந்தக் காலத்தில் எந்த ரெகுலேட்டர் நல்லது என்று கேட்டால், படத்தில் வருவதுதான் நல்லது என்பதே பதில். பெயரே தரம். கான்யானின் வால்வு உண்மையிலேயே நன்றாக உழைத்தது என்பதால் பதிலில் பெரிய தவறும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இருந்தால்தானே குறை தெரியும்?

மெல்போர்ன்காரர் போட்ட குறுக்குவழி

குறை இருந்தது. ஆக்வா லங்கில் வால்வு முதுகில், சிலிண்டரின் மேல் இருந்தது. அங்கிருந்து இரண்டு பெரிய ரப்பர் குழாய்கள் வாய்க்கு வரும். ஒன்று உள்ளே இழுக்க, மற்றொன்று வெளியே விட. வால்வு முதுகில், நுரையீரல் மார்பில். இரண்டும் வேறு ஆழம். அதனால் டைவர் உடம்பைத் திருப்பும்போதெல்லாம் மூச்சு இழுக்கும் சிரமம் மாறிக்கொண்டே இருந்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டெட் எல்ட்ரெட் என்பவர் இதைக் கவனித்தார். அதோடு அவருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. இரட்டைக் குழாய் அமைப்புக்குக் காப்புரிமை ஏர் லிக்விட்டிடம். காப்பி அடித்தால் வழக்கு. ஆகவே வேறு வழி யோசித்தார். ரெகுலேட்டரை இரண்டாகப் பிரித்தார். அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி சிலிண்டரில், மூச்சுக்குப் பதில் சொல்லும் பகுதி நேராக வாயில், இரண்டையும் இணைக்க ஒல்லியான ஒரே குழாய். 1952-ல் பார்ப்பாய்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

இன்று உலகில் விற்கும் ரெகுலேட்டர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒற்றைக் குழாய் வகைதான். 1958-ல் ஸ்வீடனின் பொசைடன் கம்பெனியும் இதே பாதையில் வந்தது. ஆனால் எல்ட்ரெட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1960-ல் அவருடைய கம்பெனியை ஏர் லிக்விட் வாங்கிவிட்டது. வெல்ல முடியாத போட்டியை விலை கொடுத்து வாங்குவது வணிகத்தில் புதிதல்ல.

ஆக, அந்தப் பத்தாண்டில் மிகப் பெரிய பிராண்ட் ஒன்று, மிகச் சிறந்த அமைப்பு வேறொன்று. பெயரை வைத்துத் தரத்தை எடைபோட்டவர்கள் அப்போது தவறான கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீலரின் காலம்

காப்புரிமை பலமிழந்ததும் பல கம்பெனிகள் முளைத்தன. அதில் முக்கியமானது 1963-ல் குஸ்தாவ் டல்லா வாலே என்ற இத்தாலியர் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்கூபாப்ரோ. அந்தக் கம்பெனி எடுத்த வியாபார முடிவு, அதன் வால்வைப் போலவே முக்கியமானது. சரக்கைக் கண்ட கடையிலும் விற்காமல், பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள டைவிங் கடைகளுக்கு மட்டும் கொடுத்தது. அங்கீகரித்த டீலரிடம் வாங்கி, ஆண்டுதோறும் அவரிடமே சர்வீஸ் செய்தால், மாற்றும் உதிரி பாகங்கள் இலவசம் என்ற வகை வாரண்டிகளும் இந்தத் துறையில் பரவின.

மேலோட்டமாகப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு நல்ல சலுகை. உள்ளே பார்த்தால், ரெகுலேட்டர் வாங்கியவர் அந்த டீலரை விட்டு எங்கும் போக முடியாது. உதிரி பாகம் வெளியில் கிடைக்காது. சர்வீஸ் கூலியை அவர் சொல்லும் விலையில் கொடுக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு நியாயமும் இருந்தது. ஓ-ரிங் எனப்படும் சின்ன ரப்பர் வளையம் காய்ந்து போனாலும், வால்வு அமரும் இடத்தில் கோடு விழுந்தாலும், எவ்வளவு பெரிய பிராண்டும் காற்றுக் கசியும். பக்கத்து ஊரில் சர்வீஸ் கிடைக்காத உயர்ந்த ரெகுலேட்டரைவிட, சர்வீஸ் கிடைக்கும் சாதாரண ரெகுலேட்டர் மேல் என்ற எண்ணம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

தொழில்நுட்பமும் சும்மா இருக்கவில்லை. பழைய வகைகளில் சிலிண்டர் காலியாக ஆக மூச்சு இழுப்பது கடினமாகும். அதாவது, காற்று குறைந்து பதற்றம் ஏறும் நேரத்தில்தான் கருவியும் கைவிடும். சமநிலைப்படுத்திய வால்வுகள் வந்து, சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 50 பார் இருந்தாலும் ஒரே மாதிரி காற்றைக் கொடுத்தன.

இரும்பு நுரையீரல்

எல்லா விளம்பரமும் 'எளிதான சுவாசம்' என்றே சொன்னது. எளிது என்றால் எவ்வளவு எளிது? ஒரு டைவரைக் கேட்டால் ஒரு பதில், இன்னொருவரைக் கேட்டால் வேறு பதில். இங்கேதான் அமெரிக்கக் கடற்படை வருகிறது.

1927-ல் தொடங்கப்பட்ட அதன் டைவிங் பரிசோதனைப் பிரிவு, 1975-ல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டிக்கு இடம் மாறியது. கடையில் கிடைக்கும் ரெகுலேட்டர்களை மனிதனே இல்லாமல் சோதித்தார்கள். அழுத்தக் கலத்துக்குள் தண்ணீர்; தண்ணீருக்குள் ரெகுலேட்டர்; அதன் வாயில் நுரையீரல் போலக் காற்றை இழுத்து விடும் ஒரு பிஸ்டன் இயந்திரம். ஒவ்வொரு லிட்டர் காற்றை இழுத்து விட எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்று அது அளந்தது. 'சுவாச உழைப்பு' என்பது அதன் பெயர். லிட்டருக்கு இத்தனை ஜூல் என்பது கணக்கு. 1980-ல் இந்தப் பிரிவு வெளியிட்ட ஒப்பீட்டு அறிக்கையில் பிராண்டுகளின் பெயரோடு முடிவுகள் வந்தன. கடற்படையில் பயன்படுத்த அனுமதித்த கருவிகளின் பட்டியலும் இருந்தது.

முதல்முறையாகக் கருவிகளுக்கு மார்க் போட்டது மனிதர்கள் அல்ல. மெஷினுக்குக் கூஸ்டோவையும் தெரியாது, டீலரையும் தெரியாது.

ஐரோப்பாவில் இது சட்டத்தோடு இணைந்தது. 1993-ல் வந்த இ.என். 250 என்ற தரநிலை, 2000-லும் 2014-லும் திருத்தப்பட்டது. அதன் சோதனை இது: 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம். சிலிண்டரில் 50 பார் மட்டும் மிச்சம். நிமிடத்துக்கு 25 முறை, முறைக்கு 2.5 லிட்டர், ஆக 62.5 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்தான் சுவாசிக்கிறான் என்பதை நினைத்தால், இது உயிருக்குப் போராடுபவரின் மூச்சு என்பது புரியும். அந்த நிலையிலும் சுவாச உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலைத் தாண்டக் கூடாது.

குளிருக்குத் தனிச் சோதனை. அழுத்தம் குறையும்போது காற்று கடுமையாகக் குளிரும். குளிர்ந்த நீரில் முதல் பகுதிக்குள் ஐஸ் பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், காற்று பீறிட்டுச் சிலிண்டர் சில நிமிடத்தில் காலியாகிவிடும். அதனால் 10 டிகிரிக்குக் கீழ் உள்ள நீரில் பயன்படுத்தும் கருவி, 4 டிகிரியிலோ அதற்கும் கீழோ தேற வேண்டும். தேறாதது 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்ற குறியோடு விற்கப்படும்.

மார்க் சொல்லாதது

இத்துடன் விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முத்திரை என்பது பாஸ் மார்க் மட்டுமே. யார் முதல் மாணவன் என்று அது சொல்லாது. அந்த வேலையை டைவிங் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. ஆன்ஸ்டி போன்ற சோதனை இயந்திரங்களில் பல பிராண்டுகளை ஓட்டி அட்டவணை போட்டன. கம்பெனிகளும் புள்ளிக்குப் பிறகு வரும் எண்களுக்காகப் போட்டி போட்டன.

ஆனால் எல்லை 3 ஜூல் என்றிருக்க, நல்ல ரெகுலேட்டர்கள் பலவும் 1 ஜூலைச் சுற்றியே நிற்கின்றன. அந்த மட்டத்தில் சின்ன வித்தியாசத்தை மெஷின் கண்டுபிடிக்கும். சாதாரண ஆழத்தில் நீந்தும் மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாது. அதுமட்டுமல்ல, வால்வை மிக மிக எளிதாகத் திறக்கும்படி வைத்தால், தொட்டதற்கெல்லாம் காற்றைக் கொட்டவும் தொடங்கும். மார்க்கைத் துரத்தினால் வேறிடத்தில் விலை கொடுக்க வேண்டிவரும்.

உயிரிழப்புகளின் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விபத்து எதில் தொடங்கியது என்று கண்டறிய முடிந்தவற்றில், 41 சதவீதத்தில் தொடக்கம் காற்றுப் போதாமல் போனது. சுமார் 20 சதவீதத்தில் எதிலாவது சிக்கிக்கொண்டது. கருவிக் கோளாறில் தொடங்கியது சுமார் 15 சதவீதம். அந்த 15 சதவீதமும் ரெகுலேட்டர் மட்டும் அல்ல, எல்லாக் கருவிகளையும் சேர்த்துத்தான். மானியைப் பார்க்காத டைவரை எந்த பிராண்டும் காப்பாற்றாது.

இன்னொரு விஷயம். இன்றைய சாதாரண ரெகுலேட்டரின் இரண்டாம் பகுதி, கோளாறு வந்தால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டது. காற்று பீறிடும், வீணாகும். ஆனால் மூச்சு நிற்காது, மேலே வர நேரம் கிடைக்கும். எந்த விளம்பரத்திலும் கொட்டை எழுத்தில் வராத இந்த ஏற்பாடு, ஜூல் கணக்கைவிட அதிக உயிர்களுக்குத் துணை நிற்கக்கூடியது. தரம் என்பது நன்றாக வேலை செய்வது மட்டும் அல்ல. எப்படிக் கெட்டுப்போகிறது என்பதும் தரம்தான்.

பிராண்ட் என்பது?

2016-ல் ஏர் லிக்விட் நிறுவனமே ஆக்வா லங்கை மோன்டாகு என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. எழுபது ஆண்டு உறவு ஒரு கையெழுத்தில் முடிந்தது. பெட்டியில் அச்சடித்த பெயர் அப்படியே இருக்கும். பின்னால் நிற்கும் முதலாளி மாறிக்கொண்டே இருப்பார். பெயரை மட்டும் நம்புகிறவர் எதை நம்புகிறார் என்பதே கேள்வி.

அதற்காக பிராண்ட் வீண் என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் இருக்கும், குறை தெரிந்தால் திரும்பப் பெறுவார்கள் என்ற வாக்குறுதிதான் பிராண்ட். முத்திரை என்பது, அந்த மாடல் ஒரு நாள் ஒரு லேபில் கடினமான தேர்வில் தேறியது என்பதற்குச் சாட்சி. இரண்டும் தேவை. ஆனால் இரண்டுமே சொல்வது அந்த மாடலைப் பற்றி. டைவரின் கையில் இருக்கும் அந்த ஒரு கருவியைப் பற்றி அல்ல. அது போன முறை நல்ல தண்ணீரில் கழுவப்பட்டதா, உள்ளே உப்புப் பூத்திருக்கிறதா, வாய்ப்பகுதி ரப்பரில் கிழிசல் உண்டா, கடைசி சர்வீஸ் எப்போது என்பது எந்த லேபுக்கும் தெரியாது.

அதனால்தான் இத்தனை மெஷின்கள் வந்த பிறகும், ஒரு பழைய வழக்கம் இன்னும் மாறவில்லை. தண்ணீரில் குதிக்கும் முன் டைவர் ரெகுலேட்டரை வாயில் வைத்து, மானியைப் பார்த்துக்கொண்டே சில முறை மூச்சை இழுத்து விடுகிறார். முள் ஆடாமல் நிற்கிறதா, காற்றில் வாசனை ஏதும் வருகிறதா என்று கவனிக்கிறார். 1943-ல் மார்ன் ஆற்றில் கூஸ்டோ செய்ததும் அதுவேதான். ஒரு வித்தியாசம்: அவர் தண்ணீருக்குள் போன பிறகுதான் குறையைக் கண்டுபிடித்தார். இன்றைய டைவருக்குக் கரையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காதவருக்கு எந்த பிராண்டும் கேரண்டி இல்லை.